நெக்கார் ஆறு முதல் இசார் ஆறு வரை: மெர்சிடிஸ் டி-3 இன்ஜினின் வழித்தடம்

செவ்வாய், ஸ்டுட்கார்ட்

ஜெர்மனியில் பல அருங்காட்சியகங்களுக்குத் திங்கட்கிழமை விடுமுறை. இந்த வழித்தடத்தைச் செவ்வாயில் தொடங்கினால்தான் நாள் வீணாகாது. முதல் உலகப் போரில் ஜெர்மன் போர் விமானங்களின் முதுகெலும்பாக இருந்த மெர்சிடிஸ் டி-3 இன்ஜினின் தாய்வீடு ஸ்டுட்கார்ட். அதன் குறையைத் தீர்க்க வந்த பி.எம்.டபிள்யூ 3ஏ பிறந்த ஊர் மியூனிக். இரண்டுக்கும் நடுவே ஏரிக்கரையில் ஒரு நிறுத்தம். முழுவதையும் ரயிலிலேயே முடித்துவிடலாம்.

ஸ்டுட்கார்ட்டின் பாட் கான்ஸ்டாட் பகுதிப் பூங்காவை ஒட்டி, பின்னாளில் மெர்சிடிஸைச் செய்த டைம்லர் நிறுவனத்தைத் தொடங்கிய காட்லீப் டைம்லர் தன் தோட்டத்துக் கண்ணாடிக் குடிலில் நடத்திய பட்டறை நினைவிடமாக இருக்கிறது. சின்ன இடம், அரை மணி நேரம் போதும். 1888 ஆகஸ்டில் வோல்ஃபெர்ட்டின் ஆகாயக் கப்பல் டைம்லரின் ஒற்றைச் சிலிண்டர் இன்ஜினோடு இந்தப் பக்கத்திலிருந்துதான் ஆல்டிங்கனுக்குப் பறந்தது.

அங்கிருந்து எஸ்-1 ரயிலில் நெக்கார்பார்க் நிறுத்தம். இறங்கி நடந்தால் உன்டர்டுர்க்ஹைம் தொழிற்சாலை வாசலில் மெர்சிடிஸ் அருங்காட்சியகம். லிஃப்டில் உச்சிக்குப் போய், சுற்றிச் சுற்றி இறங்கிவர வேண்டும். கார்கள்தான் அங்கே கதாநாயகர்கள். ஆனால் விமான இன்ஜினைத் தேடி வருபவர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டியது ஒரு பந்தயக் காரை. 1914 ஜூலை 4 அன்று லியோனில் நடந்த பிரெஞ்சு கிராண்ட் பிரியில் முதல் மூன்று இடங்களையும் பிடித்த 4.5 லிட்டர் மெர்சிடிஸ் அது. அதன் சிலிண்டர்கள் வார்ப்பிரும்பு அல்ல, தனித்தனியாகக் கடைந்த உருக்கு. அவற்றின் மேல் மெல்லிய உருக்குத் தகட்டில் தண்ணீர் உறை, அதாவது வாட்டர் ஜாக்கெட், வெல்டிங் செய்யப்பட்டிருந்தது. விமான இன்ஜினுக்காகப் பழகிய வேலை அப்படியே பந்தயக் காருக்கு வந்தது. போர் மூண்டபோது லண்டனில் மாட்டிக்கொண்ட ஒரு லியோன் காரைப் பிரித்துப் பார்த்த ரோல்ஸ்-ராய்ஸ், தன் ஈகிள் விமான இன்ஜினுக்கு இந்தச் சிலிண்டர் முறையை எடுத்துக்கொண்டது. பின்னால் வந்த அமெரிக்க லிபர்ட்டி இன்ஜினின் சிலிண்டர்களும் இதே சாதிதான்.

இனி டி-3. வரிசையாக 6 சிலிண்டர். விட்டம் 140 மி.மீ., ஓட்டம், அதாவது பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம், 160 மி.மீ., மொத்தக் கொள்ளளவு 14.8 லிட்டர். ஒரு சிலிண்டர் மட்டுமே 2.46 லிட்டர் வருகிறது. நம் ஊர் பழைய இன்னோவா டீசலின் நான்கு சிலிண்டரும் சேர்ந்த அளவு அது. இவ்வளவு பெரிய இன்ஜின் கொடுத்தது நிமிடத்துக்கு 1400 சுற்றில் 160 குதிரைத்திறன். கம்ப்ரஷன் விகிதம், அதாவது கலவை எத்தனை மடங்கு நசுக்கப்படுகிறது என்பது, 4.5-தான். இன்றைய கண்ணுக்குச் சோம்பேறி இன்ஜினாகத் தெரியும். அன்றைய பெட்ரோலுக்கும் அன்றைய பேரிங் உலோகத்துக்கும் அதற்கு மேல் கேட்பது ஆபத்து. கியர்பெட்டி கிடையாது, பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க் ஷாஃப்டின் மூக்கிலேயே புரொபெல்லர் நேராக உட்கார்ந்திருக்கும். சுற்றைக் கூட்டினால் அந்தப் பெரிய மர இறக்கைகளின் திறன் விழும், நீண்ட ஷாஃப்டில் முறுக்கு அதிர்வும் வரும்.

அடிப்பகுதி, மேலும் கீழுமாக இரண்டு அலுமினிய வார்ப்பு. கிராங்க் ஷாஃப்டைத் தாங்க 7 பேரிங். ஒவ்வொரு சிலிண்டருக்கும் பெட்ரோல்-காற்றுக் கலவை வர ஒரு உள்வால்வு, புகை போக ஒரு வெளிவால்வு. வால்வுகளை இயக்கும் கேம் ஷாஃப்ட் தலைக்கு மேல், ஒரு நீளக் குழாய்க்குள். பின்பக்கம் நிற்கும் செங்குத்துத் தண்டும் பெவல் கியர்களும் அதைச் சுழற்றுகின்றன. வால்வுகளை அழுத்தும் ராக்கர் கைகள் குழாயைத் துளைத்து வெளியே நீட்டியிருக்கும், வால்வு ஸ்பிரிங்குகள் காற்றிலேயே ஆடும். விமானி முகத்தில் எண்ணெய் தெறிக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். சிலிண்டருக்கு இரண்டு ஸ்பார்க் பிளக், அவற்றுக்குப் பொறி மின்சாரம் தரத் தனித்தனியாக இரண்டு பாஷ் மேக்னெட்டோ. எரியும் வரிசை 1-5-3-6-2-4.

இந்த அமைப்பில் ஹெட், அதாவது சிலிண்டரின் மேல்மூடி, தனியாகக் கழலாது. பீப்பாயும் ஹெட்டும் ஒரே உடம்பு. ஹெட் கேஸ்கெட் இல்லை என்பதால் அது ஊதிப்போகும் கவலையும் இல்லை. ஆனால் ஒரு வால்வைத் தேய்த்து உட்கார வைக்க வேண்டுமென்றால்கூடக் கேம் ஷாஃப்ட் குழாயை முழுதாக இறக்கி, இன்டேக், எக்ஸாஸ்ட் குழாய்களைக் கழற்றி, தண்ணீர் இணைப்பைப் பிரித்து, சிலிண்டரையே தூக்கியாக வேண்டும். லாபம் என்னவென்றால் குண்டு துளைத்த ஒரு சிலிண்டரை மட்டும் மாற்றிவிட்டு மற்ற ஐந்தையும் அப்படியே விட்டுவிடலாம்.

திரும்பப் பூட்டும்போதுதான் கைத்திறன் தெரியும். அடி நட்டுகளை விரலால் மட்டும் பிடிக்க வைத்து, ஆறு சிலிண்டரின் வாய்களும் இன்டேக் குழாயின் முகத்தோடு ஒரே கோட்டில் வருகின்றனவா என்று பார்க்க வேண்டும். பிறகு கேம் ஷாஃப்ட் குழாயை மேலே வைத்துப் பார்த்து, அது கையால் தடையில்லாமல் சுற்றினால்தான் கீழே முழு இறுக்கம். முதலில் அடியை இறுக்கிவிட்டுப் பிறகு மேலே போனால், சிலிண்டர்கள் ஒன்றுக்கொன்று மயிரிழை திரும்பி நிற்கும். கேம் ஷாஃப்ட் பிடிக்கும், இன்டேக் இணைப்பில் காற்று உறிஞ்சும். அந்தச் சிலிண்டரில் கலவை மெலிந்து, கார்புரேட்டர் பக்கம் திரும்பி வெடிக்கும்.

போகிற போக்கில் ஒன்று: 1913 ஜனவரியில் கைசர் பெயரில் நடந்த விமான இன்ஜின் போட்டியில் முதல் பரிசு டைம்லருக்குப் போகவில்லை, பென்ஸுக்குப் போனது. இன்று ஒரே பெயர்ப்பலகையில் இருந்தாலும் 1926 வரை இரண்டும் தனித்தனிப் போட்டி நிறுவனங்கள்.

புதன், ஃபிரீட்ரிக்ஸ்ஹாஃபன்

ஸ்டுட்கார்ட்டிலிருந்து உல்ம் வழியாகத் தெற்கே வந்தால் கான்ஸ்டன்ஸ் ஏரி. ‘ஹாஃபன்’ நிறுத்தத்தில் இறங்கினால் செப்பெலின் அருங்காட்சியகம் எதிரிலேயே. பழைய துறைமுக ரயில் நிலையக் கட்டடம்தான் அது. எல்லோரும் ஹிண்டன்பர்க் ஆகாயக் கப்பலின் மறு உருவாக்கத்துக்குள் ஏறிப் பார்க்க வருகிறார்கள். இந்தப் பயணத்துக்கு இந்த ஊர் முக்கியமாவது இன்ஜின் வடிவமைப்பாளர் கார்ல் மேபாக்கால்.

டி-3க்கு இருந்த நோய் எல்லா இன்ஜினுக்கும் பொதுவானது: உயரம் போகப் போகக் காற்று மெலிகிறது. 2000 மீட்டரில் காற்றின் அடர்த்தி தரையில் இருப்பதில் 82 சதவீதம், 3000-ல் 74, 5000-ல் 60. இன்ஜின் விழுங்கும் காற்றும் அதே கணக்கில் குறையும். தரையில் 160 குதிரைத்திறன் தரும் இன்ஜின் 5000 மீட்டரில் நூறைத் தொடாது. விமானத்தின் எடையோ குறைவதில்லை.

காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் சூப்பர்சார்ஜரை நம்பும் நிலைக்கு அன்று யாரும் வரவில்லை. மேபாக் எடுத்த வழி வேறு. இன்ஜினைத் தேவைக்கு மேல் பெரிதாகக் கட்டு, கம்ப்ரஷனைத் தரையில் தாங்காத அளவுக்கு ஏற்று, தரையில் த்ராட்டிலை, கலவையை உள்ளே விடும் கதவை, முழுக்கத் திறக்காதே. மேலே போகப் போகத் திற. 165 மி.மீ. விட்டம், 180 மி.மீ. ஓட்டம், 23 லிட்டர். 1916-ல் வந்த இந்த மேபாக் 4ஏ சிலிண்டருக்கு ஐந்து வால்வு வைத்திருந்தது, இரண்டு உள்வால்வு, மூன்று வெளிவால்வு. உயரத்தில் பதுங்கிய செப்பெலின் ஆகாயக் கப்பல்களும் ரும்ப்ளர் சி-7 வேவு விமானங்களும் இதை நம்பித்தான் பறந்தன. ஒற்றை இருக்கைப் போர் விமானத்தின் மூக்கில் வைக்க இது பெரிது, கனம். அந்த வேலை மியூனிக்குக்காகக் காத்திருந்தது.

மற்றபடி ஊரில் ஏரிதான் அழகு. மாலை ரயிலில் லிண்டாவ் வழியாக மியூனிக்.

வியாழன், மியூனிக்: மில்பெர்ட்ஸ்ஹோஃபன்

யு-3 ரயிலில் ஒலிம்பியாசென்ட்ரும். 1972 ஒலிம்பிக் பூங்கா இருக்கும் இந்தச் சமவெளி முன்பு ஓபர்வீசன்ஃபெல்ட் என்ற விமானத் திடல். பி.எம்.டபிள்யூ இதன் ஓரத்தில் முளைத்தது தற்செயல் அல்ல. கிண்ணம் போன்ற அருங்காட்சியகக் கட்டடத்துக்குள் கார், மோட்டார் சைக்கிள் எல்லாம் வரும்; நிறுவனத்தின் முதல் சரக்கு என்னவோ விமான இன்ஜின்தான்.

டைம்லரில் வேலை பார்த்த மாக்ஸ் ஃபிரிட்ஸ் 1917 ஜனவரியில் மியூனிக்கின் ராப் மோட்டார் தொழிற்சாலைக்கு வந்தார். அந்தத் தொழிற்சாலை செய்துவந்த இன்ஜின்கள் அதிர்வுக்குப் பேர்போனவை; ராணுவம் வாங்கத் தயங்கியது. ஃபிரிட்ஸ் புதிதாக வரைந்தார். ஜூலையில் நிறுவனத்தின் பெயரே பாயரிஷே மோட்டோரன் வெர்கே, சுருக்கமாக பி.எம்.டபிள்யூ, என்று மாறியது. செப்டம்பரில் இன்ஜின் சோதனை மேடையில் ஓடியது, டிசம்பரில் பறந்தது. ஒரு வருடத்துக்குள் வெள்ளைத் தாளிலிருந்து வானத்துக்கு. டைம்லரில் கற்றுவந்த உருக்குச் சிலிண்டர் வேலை கையில் இல்லாமல் இந்த வேகம் வந்திருக்காது என்பது எங்கள் கணிப்பு.

3ஏ-யின் அளவுகள்: விட்டம் 150, ஓட்டம் 180 மி.மீ., 19.1 லிட்டர். பிஸ்டன் அலுமினியக் கலவை. டி-3ல் இருந்தது உருக்குத் தலையும் வார்ப்பிரும்பு உடலும். கம்ப்ரஷன் 6.4. இந்த எண்ணைச் சும்மா படித்துவிட்டுப் போகக்கூடாது. டி-3ல் பிஸ்டன் உச்சிக்கு வந்ததும் மேலே மிச்சமிருக்கும் இடம் சுமார் 700 கன செ.மீ. 3ஏ-யின் சிலிண்டர் அதைவிடப் பெரிது, 3.18 லிட்டர், ஆனால் மிச்ச இடம் 590 கன செ.மீ.தான். அதிகக் காற்றைக் குறைந்த இடத்தில் நசுக்குகிறது. தரையில் த்ராட்டிலை முழுக்கத் திறந்தால் கலவை தானாகவே முன்னதாக வெடிக்கும், நாக்கிங். அன்றைய பெட்ரோல் அதைத் தாங்காது. நிலக்கரியிலிருந்து எடுக்கும் பென்சால் கலந்தால் கொஞ்சம் அடங்கும், முழுக்க அடங்காது. பிஸ்டன் தலை வெந்து ஓட்டையாகும், பேரிங் நசுங்கும்.

ஆகவே கார்புரேட்டரில் தனியாக ஒரு உயரக் கட்டுப்பாடு வைத்தார்கள். விமானிக்கு இரண்டு நெம்பு. ஒன்று வழக்கமான த்ராட்டில், மற்றது உயரத்துக்கானது. ஏறத்தாழ 2000 மீட்டர் தாண்டும் வரை இரண்டாவதைத் தொடக்கூடாது. அதற்குள் காற்று 18 சதவீதம் மெலிந்திருக்கும், சிலிண்டருக்குள் அழுத்தமும் இறங்கியிருக்கும், நாக்கிங் வராது. அப்போது திறந்தால், மற்ற இன்ஜின்கள் மூச்சு வாங்கத் தொடங்கும் உயரத்தில் இது தன் பலத்தைக் காட்டும். ஆவணத்தில் 185 குதிரைத்திறன் என்றுதான் பதிவு. டி-3-யின் அடுத்த வடிவமான டி-3ஏ இருந்த அதே மூன்றாம் குதிரைத்திறன் வகுப்பில் அடங்க அது வசதி. வகுப்பு எண்ணை மட்டும் பார்த்து இரண்டையும் ஒன்றாக நினைத்தால் ஏமாறுவோம்.

சண்டையின் சூட்டில் தரையருகே இரண்டாவது நெம்பைத் திறந்தால்? சில நிமிடம் அசுர பலம் கிடைக்கும். இன்ஜின் ஆயுள்தான் விலை. அதைத் திறக்காமல் இருப்பது விமானியின் ஒழுக்கம்.

இந்த இன்ஜின் பொருத்திய ஃபோக்கர் டி-7எஃப் போர் விமானம் 5000 மீட்டரைச் சுமார் 14 நிமிடத்தில் எட்டியது. மெர்சிடிஸ் பொருத்திய டி-7 அதற்குப் பல நிமிடம் பின்னால். டைம்லரும் சும்மா இருக்கவில்லை. 1917-ல் டி-3ஏ 170 குதிரைத்திறனுக்கு வந்தது, 1918-ல் கம்ப்ரஷன் ஏற்றிய வகை 180-ஐத் தாண்டியது. ஆனாலும் 14.8 லிட்டர் 14.8 லிட்டர்தான்.

3ஏ-யின் அண்ணன், 22.9 லிட்டர் பி.எம்.டபிள்யூ 4. அதை வைத்து 1919 ஜூன் 17 அன்று ஃபிரான்ஸ் செனோ டீமர் 9760 மீட்டர் ஏறினார். போரில் தோற்ற நாடு என்பதால் சர்வதேசச் சாதனைப் பதிவு ஏட்டில் இடம் கிடைக்கவில்லை. விமான இன்ஜின் செய்யத் தடை வந்ததும் தொழிற்சாலை ரயில் பிரேக் செய்யப் போனது. 1923-ல் வந்த ஆர்-32 மோட்டார் சைக்கிளையும் வரைந்தது இதே ஃபிரிட்ஸ்தான்.

வெள்ளி, ஓபர்ஷ்லைஸ்ஹைம்

எஸ்-1 ரயிலில் ஓபர்ஷ்லைஸ்ஹைம், அங்கிருந்து கால்மணி நேர நடை. 1912-ல் பவேரிய விமானப் படைக்காகத் தொடங்கிய திடல் இது. கட்டளைக் கட்டடமும் பட்டறைக் கூடமும் இன்று டாய்ச்சஸ் மியூசியத்தின் கிளை. இங்கே ஒரு நல்ல ஏற்பாடு: பழுதுபார்க்கும் பட்டறையைக் கண்ணாடிக்கு இந்தப்புறம் நின்று பார்க்கலாம். இந்தத் தலைமுறை இன்ஜின்களில் எது கெடும் என்று பேச இதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது.

முதலில் கெடுவது தண்ணீர் உறை. தகடு மெலிசு, வெறும் உருக்கு, உள்ளே நூறு வருடத்துக்கு முந்தைய குழாய்த் தண்ணீர். துரு உள்ளேயிருந்து தின்னும். வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும், ஊசித்துளை தண்ணீர் ஊற்றினால்தான் தெரியும். சிலிண்டரின் அடியில், உறை பீப்பாயோடு சேரும் வெல்டிங் கோடுதான் முதல் சந்தேகம். சேறு தங்குவதும் அங்கேதான், அதிர்வு பிடித்து இழுப்பதும் அங்கேதான். அழுத்தம் ஏற்றிச் சோதிப்பதென்றால் மிகக் குறைந்த அழுத்தம் போதும். அதிகம் ஏற்றினால் தகடு உப்பிவிடும், உப்பியது திரும்பாது. ஓட்டையை அடைக்கும்போது ஒரே இடத்தில் சூடு தங்கினால் பீப்பாய் வளையும், பிறகு பிஸ்டன் பிடிக்கும். விட்டுவிட்டு, இடம் மாற்றி மாற்றிச் சூடு வைப்பார்கள்.

இரண்டாவது, குளிர்காலம். இரவில் தண்ணீரை இறக்க மறந்தால் உறை பிளந்துவிடும். இறக்குவதும் ஒரு குழாயைத் திறப்பதோடு முடியாது. ரேடியேட்டர், பம்ப், சிலிண்டர் உறைகள் ஒவ்வொன்றிலும் தாழ்ந்த இடத்தில் தேங்கி நிற்கும். எல்லா வடிகுழாயும் திறந்த பிறகு புரொபெல்லரைக் கையால் சில சுற்று சுற்றினால் பம்பில் மிஞ்சியதும் வெளியே வரும்.

கிளப்பும் முறை இன்னும் சுவாரசியம். கையால் 14.8 லிட்டரை அமுக்கிச் சுற்ற எந்த மனிதனாலும் ஆகாது. அதற்காகவே கேம் ஷாஃப்டைக் கொஞ்சம் பக்கவாட்டில் நகர்த்தும் நெம்பு உண்டு. நகர்த்தினால் அமுக்கும் வேளையிலும் வெளிவால்வு சற்றே திறந்திருக்கும், பாதி அழுத்தம் கசிந்துபோகும்.

வரிசை இது. குளிர் நாளென்றால் ரேடியேட்டரில் வெந்நீர் ஊற்றி, உறைகளில் மாட்டிய காற்று வெளியேறும்வரை பொறுக்க வேண்டும். மேக்னெட்டோ அணைந்திருக்கிறதா என்று விமானியும் மெக்கானிக்கும் சத்தமாகச் சொல்லிக்கொள்ள வேண்டும். அரை அழுத்த நெம்பைப் போட்டு, ஒவ்வொரு சிலிண்டரின் பிரைமிங் குழாயிலும் கொஞ்சம் பெட்ரோல் விட்டு மூடி, புரொபெல்லரைச் சில சுற்று சுற்றினால் உள்ளே கலவை நிறையும். ஸ்பார்க்கைப் பின்தள்ளி வைத்து, ஒரு பிஸ்டன் உச்சி தாண்டி எரிப்பு ஓட்டத்தில் நிற்கும்படி நிறுத்தி, மெக்கானிக் விலகியாக வேண்டும். அதன்பின்தான் ஸ்விட்ச். விமானி தன் இருக்கையருகே இருக்கும் கைச்சுழல் மேக்னெட்டோவைச் சுற்றுவார், பிளக்கில் தொடர்ந்து பொறி பறக்கும், முதல் வெடிப்பிலேயே இன்ஜின் உருளத் தொடங்கும். ஓடியதும் அரை அழுத்த நெம்பை எடுத்துவிடவேண்டும்.

பெட்ரோல் அதிகம் விட்டால் பிளக் நனையும், அதைவிட மோசம், சிலிண்டர் சுவரின் எண்ணெய்ப் படலம் கழுவிப்போகும். ஸ்பார்க்கைப் பின்தள்ள மறந்தால் புரொபெல்லர் எதிர்ப்பக்கம் உதைக்கும். அருகில் கை இருந்தால் கை போய்விடும். தண்ணீர் சூடேறாமல் 1400 சுற்றுக்கு விரட்டினால் பிஸ்டன் தலை மட்டும் விரிந்து சுவரைக் கீறும். சூடேறிய பிறகு ஒவ்வொரு மேக்னெட்டோவையும் தனித்தனியே அணைத்து, சுற்று எவ்வளவு விழுகிறது என்று பார்த்துத்தான் விமானத்தை விடுவார்கள்.

சனி, மியூனிக்: இசார் நடுவே

கடைசியாக டாய்ச்சஸ் மியூசியம், இசார் ஆற்றின் தீவில். இதன் சேகரிப்பில் ஃபோக்கர் டி-7 இருக்கிறது. 1918 நவம்பர் போர் நிறுத்த உடன்படிக்கை, ஒப்படைக்க வேண்டிய 1700 விமானங்களில் டி-7களுக்கு முன்னுரிமை என்று பெயர் சொல்லிக் கேட்டது.

டி-7ஐப் பார்க்கும்போது மூக்கில் தொடங்க வேண்டும். ரேடியேட்டர், காரில் இருப்பதைப் போல முன்னால் நிற்கிறது. அதற்கு முந்தைய அல்பட்ராஸ் விமானங்களில் கதை வேறு. முதல் வகையில் உடம்பின் இரு பக்கமும் காது போல ரேடியேட்டர். பிறகு வந்தவற்றில் மேல் இறக்கையின் நடுவிலேயே பதித்தார்கள். காற்று எதிர்ப்பு குறைந்தது; ஆனால் ஒரு குண்டு பட்டால் கொதிநீர் நேராக விமானியின் முகத்தில். அல்பட்ராஸ் டி-3ல் பாதியில் அதை வலப்பக்கம் தள்ளி வைத்ததற்குக் காரணம் இதுதான். (அல்பட்ராஸ் டி-3 விமானம், மெர்சிடிஸ் டி-3 இன்ஜின். பெயர் ஒன்றாக இருப்பதால் பழைய படக்குறிப்புகளைப் படிக்கும்போது கவனம் தேவை.)

அடுத்து இன்ஜின் மூடி. டி-7களின் படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் மூடித் தகட்டில் காற்றுக் கீற்றுகளின் எண்ணிக்கை ஒன்றுபோல இருக்காது. 1918 கோடையில் இன்ஜின் அறையின் சூட்டில் பாஸ்பரஸ் தோட்டாக்கள் தானாகவே பற்றிக்கொண்டன, பெட்ரோல் தொட்டியும் அருகிலேயே. விமானங்கள் நடுவானில் எரிந்தன. தொழிற்சாலைகள் மேலும் மேலும் கீற்று வெட்டின. படைப்பிரிவுகள் மேல்தகட்டையே கழற்றிவிட்டுப் பறந்தன. தண்ணீர் சிலிண்டரைத்தான் குளிர்விக்கும், எக்ஸாஸ்ட் குழாயின் சூட்டை மூடிக்குள் சுற்றும் காற்றுதான் இழுத்துப் போகவேண்டும்.

போருக்குப் பிறகு இந்த இன்ஜின்கள் பயணிகளையும் சுமந்தன. முழு உலோக ஜுங்கர்ஸ் எஃப்-13, 1919 ஜூன் 25 அன்று முதலில் பறந்தபோது மூக்கில் இருந்தது மெர்சிடிஸ் டி-3ஏ. தொடர் உற்பத்திக்கு வந்தபோது பி.எம்.டபிள்யூ 3ஏ-க்கு மாறிக்கொண்டார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் 3ஏ பொருத்திய எஃப்-13 ஒன்று எட்டுப் பேரோடு 6750 மீட்டர் ஏறியது.